ஓடிவந்த பிள்ளையின் செருப்பு

நீலம் கரைத்த சுண்ணாம்பு அடித்த சுவர் பாதி காய்ந்தும் பாதி காயாமலும் நிற்கும்போது ஒரு ஈர வாசம் வரும். அதோடு சாம்பிராணிப் புகையும், அலுமினியச் சட்டியில் வெந்துகொண்டிருக்கும் கொண்டைக்கடலையின் ஆவியும் சேர்ந்துகொண்டால், அதற்கு எங்கள் தெருவில் "மாதா வர்ற வாசம்" என்று பெயர். புதிதாக வெள்ளையடித்த வீட்டைத் தாண்டும்போது மற்றவர்களுக்குப் பொங்கல் ஞாபகம் வருமாம். எனக்கு முழங்கால் வலி வரும். ஒரு ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் சிமெண்டுத் தரையில் முட்டிபோட்டபடி சொல்லி முடித்த முழங்கால்கள் இவை; அவ்வளவு லேசில் மறந்துவிடாது.

மொட்டைமாடியில் ஏறி நின்றால் மலைக்கோட்டை தெரிகிற தெரு எங்களுடையது. திண்டுக்கல்லில் எந்த மாடியில் நின்றால்தான் அது தெரியாது என்று கேட்பீர்கள், அதுவும் சரிதான். அக்டோபர் ஜெபமாலை மாதம். சதா சகாய மாதா படம் ஒன்று, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், கண்ணாடி போட்டு, பித்தளை வளையம் வைத்தது, அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் படத்தைத் தூக்கிக்கொண்டு, மெழுகுவத்தி பிடித்தபடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். அங்கே ஒரு இரவும் ஒரு பகலும் இருந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டு ஜெபமாலை முடிந்ததும் அதற்கடுத்த வீட்டுக்குப் போகும். மாதத்துக்கு முப்பத்தொரு நாள். எங்கள் தெருவிலும் அதன் சந்துகளிலும் இருந்த கிறிஸ்தவ வீடுகளோ அதைவிடக் கூடுதல். ஆக, ஒவ்வொரு வருஷமும் சில வீடுகளுக்கு முறை கிடைக்காது. விட்டுப்போகிற வீடுகள் வருஷத்துக்கு வருஷம் மாறும்; எங்கள் வீடு மட்டும் மாறாது.

முறை எழுதுகிறவர் லூர்து டீச்சர். தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தடித்த கண்ணாடி, குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் எங்களை ஒதுக்கினார் என்று சொல்லமாட்டேன். "மேரி இன்னும் கொஞ்சம் பழகட்டும், அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். மேரி என்பது என் அம்மா. பிறந்தபோது பேச்சியம்மாள். சாணார்பட்டிப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த குடும்பம். கிணற்று மோட்டாருக்கு வயரிங் செய்ய திண்டுக்கல்லிலிருந்து போன ஆள்தான் என் அப்பா. மூன்று நாள் வேலையை ஒன்பது நாள் பார்த்தாராம். பத்தாம் நாள் மோட்டார் ஓடியது. பதினோராம் நாள் அம்மாவும் ஓடினாள். மழை பெய்த வரப்பில் ஓடி, பஸ்ஸைப் பிடித்து ஏறிய பிறகுதான் ஒரு கால் செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது தெரிந்ததாம். அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். "மோட்டாரை ஓட வச்சதுக்கு உங்க மாமா கூலி கொடுத்தாரு. உங்க அம்மாவை ஓட வச்சதுக்குத்தான் பதினோரு வருஷமா மூஞ்சி கொடுக்க மாட்டேங்குறாரு." அம்மா, "செத்த நேரம் சும்மா இருங்க" என்பாள். சிரிக்கமாட்டாள். பெரிய மாமா, அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன், அன்றைக்குப் பிறகு எங்கள் வாசலை மிதித்ததில்லை.

அம்மா ஞானஸ்நானம் வாங்கி, மேரி ஆகி, கோயிலுக்கு ஒருநாள் தப்பாமல் போனாள். ஆனாலும் சிலுவை போடும்போது வலது தோளா இடது தோளா முதலில் என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு சின்னத் தயக்கம் வரும். தெருப் பெண்கள் எல்லோருடைய கண்ணும் சரியாக அந்த நேரத்தில்தான் திறக்கும். "மேரி, இன்னைக்கு எந்தத் தேவ ரகசியம்?" என்று டீச்சர் திடீரென்று கேட்பார்; சந்தோஷம், துயரம், மகிமை என்று ஜெபமாலைக்குக் கிழமைக்கு ஒரு வகை உண்டு. "நீங்க எதைச் சொல்றீகளோ அதுதான் டீச்சர்" என்பாள் அம்மா. இதைவிட நல்ல கத்தோலிக்கப் பதில் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் டீச்சர் நோட்டில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், எந்தக் காரணத்தாலோ, எங்கள் வீட்டுக்கு முறை கிடைத்தது. நிலையில் சாய்ந்து நின்ற அம்மாவிடம் டீச்சர் நோட்டைக் காட்டிவிட்டுப் போனதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தபால் கார்டு எடுத்து எழுதினாள். பதினோரு வருஷத்தில் அண்ணனுக்கு அவள் எழுதிய முதல் வரிகள். தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் தந்தாள். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதை வேகமாகப் படித்தால் பாவம் குறையும் என்று நினைத்தேன். "அண்ணே, எங்க வீட்டுக்கு மாதா வாராக. தோட்டத்துச் சம்பங்கியில ஒரு மாலை வேணும். நீ வராட்டியும் மாலை வரட்டும்." அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படம் வந்தது. அம்மாவின் கல்யாணப் பட்டுப் புடவையை விரித்த மேஜையில் வைத்தார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அம்மா சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்; அப்பா சீரியல் செட் பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நானும் மாதாவும் மட்டும் முன்னறையில். மற்ற வீடுகளில் கூட்டத்துக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்த படத்தை, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பார்த்தேன் என்றால், எல்லாவற்றையும் தப்பாகப் பார்த்தேன். படத்தின் மேல்பக்கம் இரண்டு மூலையிலும் இரண்டு சம்மனசுகள், சிறகு வைத்த வானதூதர்கள், பறந்துகொண்டிருந்தார்கள். இடப்பக்கத்துச் சம்மனசிடம் ஒரு சின்னச் சட்டியும், நுனியில் பஞ்சு மாதிரி எதையோ செருகிய நீளக் கம்பும் இருந்தன. முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்த ஆளும் இதே சட்டியோடும் இதே கம்போடும்தான் வந்திருந்தார். வலப்பக்கத்துச் சம்மனசிடம் குறுக்குக் கட்டை வைத்த ஒரு கம்பம். அப்பா ஏறுகிற கரண்ட் கம்பத்துக்கும் குறுக்கே கட்டை உண்டு. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒருவர் சுண்ணாம்பு அடிக்க, ஒருவர் கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்க. மாதா புதுவீடு கட்டுகிறாள். இரண்டு பேரும் கைகளைத் துணியால் மூடிக்கொண்டு அந்தச் சாமான்களைப் பிடித்திருந்தார்கள். அது அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற "பிடிதுணி". சூடாக இருக்கும்போல. மாதாவின் தலைக்கு ஒரு பக்கம் தங்கத்தில் எம், பி என்று இரண்டு எழுத்து வேறு இருந்தது. புதுவீடு கட்டுகிற வசதி எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிட்டது.

அது ஈட்டியும், காடி தோய்த்த கடற்பஞ்சும், சிலுவையும் ஆணிகளும் என்று நான் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது. முப்பது வருஷத்துக்குப் பிறகு மகனைக் கொல்லப்போகிற சாமான்களை, அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இரண்டு தூதர்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வெறுங்கையால் தொடக்கூடாத புனிதம் என்பதால் கைகளில் துணி. அந்த எழுத்துகள் கிரேக்கம். தலைக்கு மறுபக்கம் இருக்கிற எழுத்துகளோடு சேர்த்தால் "தேவனின் தாய்" என்பதன் சுருக்கம். நீல முக்காட்டில் நெற்றிக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரம் வழி தெரியாதவர்களுக்கு வழிகாட்டுவது. கடலில் போகிறவர்களுக்கு என்று எழுதியிருப்பார்கள். கடலே இல்லாத திண்டுக்கல்லில், விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்களுக்கு என்று நான் திருத்தி வைத்திருக்கிறேன். முக்காட்டுக்கு உள்ளே சிவப்பு அங்கி. பின்னணி முழுக்கத் தங்கம். வாய் சின்னது, கண் பெரியது: குறைவாகப் பேசி நிறையப் பார்ப்பவள். எங்கள் தெருவில் அப்படி ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், அவள் அப்போது கொண்டைக்கடலையில் தேங்காய் துருவிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் பின்னால் வந்த ஞானம். அன்றைக்கு என் கண் போய் நின்றது வேறு இடத்தில். குழந்தை இயேசுவின் ஒரு கால் செருப்பு கழன்று, வார் மட்டும் காலில் மாட்டியபடி, தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அது சொந்தப் பிரச்சினையாகப் பட்டது. என் ரப்பர் செருப்பின் வாரும் அந்த வாரம்தான் பிய்ந்திருந்தது. அம்மா அடியில் ஊக்கு குத்தித் தந்திருந்தாள். புதுச் செருப்பு கேட்டதற்கு "மாதா வந்து போகட்டும், பாப்போம்" என்ற பதில். சரி, மாதாதான் வந்துவிட்டாளே, நேரிலேயே பேசிவிடலாம் என்று முடிவெடுத்தேன். "உன் பிள்ளை செருப்பை நான் மாட்டிவிடுறேன். எனக்கு நீ ஒரு ஜோடி வாங்கிக் கொடு." கண்ணாடியில் ஊக்கு குத்த முடியாது. ஆனால் வயர்மேன் வீட்டில் இன்சுலேஷன் டேப்புக்குப் பஞ்சமா? அப்பாவின் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தேன். பிளேடால் நூல் மாதிரி இரண்டு துண்டு, சின்னதாக ஒரு பட்டை. கண்ணாடிமேல், கணுக்காலைச் சுற்றி ஒட்டி, தொங்கிய செருப்பை இன்னொரு பட்டையால் மறைத்து, காலோடு சேர்த்துச் செருப்புக்கு அடிப்பாகமும் வைத்துக் கொடுத்தேன். தள்ளி நின்று பார்த்தால், பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. நானே ஒட்டியது என்பதை நானே நம்பவில்லை. மிச்ச டேப் உருளையை, வைக்க இடம் தேடாமல், வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். குற்றம் செய்யத் தெரிந்த அளவுக்கு மறைக்கத் தெரியாத பிறவி நான்; இன்றைக்கும் அப்படித்தான்.

சாயங்காலம் ஆறு மணி. சம்பங்கி மாலை வரவில்லை. தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. படத்துக்கு மாலை போடாமல் எந்த வீட்டிலும் ஜெபமாலை தொடங்கியதில்லை. பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா சைக்கிளை எடுத்தார். "பூ மார்க்கெட்ல ஒண்ணு வாங்கியாந்துடுறேன், மேரி."

"வேணாங்க. வரும்."

"ஆறரை ஆகுது."

"வரும்னேன்ல."

ஜெபமாலை தொடங்கியது. முதல் பத்து மணிகள் உருண்டன, இரண்டாம் பத்தும் உருண்டது. அம்மா கதவுக்கு நேராக முட்டிபோட்டிருந்தாள். வாய் மந்திரம் சொன்னது. காது தெருவில் இருந்தது. நாலாம் பத்தில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் வந்து வாசலில் நின்றது. அம்மா திரும்பவில்லை. கையிலிருந்த ஜெபமாலை மட்டும் தரையில் தட்டி ஒரு சத்தம் வந்தது.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஈரச்சாக்குப் பொட்டலம். அப்பா எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். என் பெரிய மாமாவை முதல்முறையாகப் பார்த்தேன். அம்மாவின் மூக்கு அவரிடமும் இருந்தது.

"உள்ள வாங்க மச்சான்."

"இல்ல. மாலையைப் புடிங்க, நான் போறேன்."

"நீங்களே..."

"நான் மாலையக் குடுக்க வந்தவன். காயுமுன்ன போட்டுருங்க."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்தபடி அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். முழுசாக வாங்கிக்கொண்டால் மாமா போய்விடுவார். அதனால் அப்பா வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்த நேரத்தில்தான் உள்ளே லூர்து டீச்சரின் குரல் பாதி மந்திரத்தில் அறுந்தது.

"ஏசுவே! செருப்பு!"

ஆண்டுக்கணக்கில் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவர் அவர். படத்தின் ஒவ்வொரு அங்குலமும் தெரியும். மெழுகுவத்தி வெளிச்சத்தில், தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து, அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எப்போதும் தொங்குகிற செருப்பு இன்றைக்குத் தொங்கவில்லை.

"செருப்பு மாட்டியிருக்கு! பாருங்க! புதுமை!"

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குப் "புதுமை" என்றால் சாதாரணமாகப் புதியது இல்லை, வேளாங்கண்ணியில் நடப்பது. கூட்டம் மொத்தமும் முழங்காலிலேயே முன்னால் நகர்ந்தது. ஒரு பெண் அழத் தொடங்கினாள். இன்னொருத்தி என் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் வீட்டைத் தேடி வந்து மாட்டியிருக்காகளே மேரி, நீ கொடுத்து வச்சவ!" சிலுவை போடத் தெரியாத மேரி ஒரு நிமிஷத்தில் தெருவின் புனிதை ஆகிவிட்டாள். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கண் மட்டும் கதவில் நின்ற அண்ணன்மேல் இருந்தது.

 உண்மையைச் சொன்னால் அம்மா இறங்கிப்போவாள்; சும்மா இறங்க மாட்டாள், ஏறிய உயரத்திலிருந்து விழுவாள். "ஓடிவந்தவ வீட்ல மாதாவுக்கே டேப் ஒட்டிட்டாக" என்று வருஷக்கணக்கில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நரகம். ஒன்பது வயதில் எனக்கு நரகம் எங்கள் தெருவைவிடத் தூரமாகத் தெரிந்ததால், வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த மாலையைக் கொண்டாங்க! சீக்கிரம்! நிக்காதீக!" என்று டீச்சர் வாசலைப் பார்த்துக் கத்தினார். அவருக்கு மாமா யாரென்று தெரியாது. பூக்காரர் என்று நினைத்திருக்கிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தைக் கட்டி மேய்த்த குரல் அது. அந்தக் குரலுக்கு முன்னால் பதினோரு வருஷ வைராக்கியம் எம்மாத்திரம்? மாமா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றி, நிலையைத் தாண்டி, உள்ளே வந்துவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்தார். சம்பங்கி வாசம் சுண்ணாம்பு வாசத்தை அடித்துக்கொண்டு எழுந்தது. மாலையைப் போடக் குனிந்தவர் நின்றுவிட்டார். மொட்டுக்குள் இருக்கிற புழுவைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற கண். படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை பிள்ளையின் காலில் வந்து நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் கிடந்த கறுப்பு டேப் வளையலைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்.

"டீச்சரம்மா," என்றார். "எனக்கு உங்க சாமி கதை தெரியாது. இந்தப் புள்ள ஏன் அம்மாவப் பாக்காம அங்கிட்டுத் திரும்பிப் பாக்குது?"

கேள்வி கேட்டால் டீச்சருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "அந்தச் சம்மனசு கையில சிலுவையும் ஆணியும் இருக்குல்ல? விளையாடிட்டு இருந்த புள்ள அதைப் பாத்துப் பயந்துபோய் அம்மாகிட்ட ஓடியாருது. ஏறி உக்காந்த பிறகும் பயம் போகல. அதான் அவ கையை ரெண்டு கையால புடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்குது."

"ஓடியாந்ததுனாலதான் செருப்பு கழண்டுச்சாக்கும்?"

"ஆமா. வந்த வேகத்துல..."

டீச்சர் நிறுத்திக்கொண்டார். மாமா கறுப்பேறிய கட்டைவிரல் நகத்தால் கண்ணாடியில் ஒரு கீறு கீறினார். என் புதுமை சுருண்டு அவர் விரலோடு வந்துவிட்டது. அடியில் பழைய செருப்பு எப்போதும்போலத் தொங்கியது.

"ஏதோ பூச்சி ஒட்டியிருந்துருக்கு" என்றார் சத்தமாக. அதற்குப் பிறகு சொன்னது சத்தமாக இல்லை. "தொங்குனாத்தான் சரி. மாட்டியிருந்தா இது ஒக்காந்து படமெடுக்க வந்த புள்ளை. ஓடியாரவகளுக்குச் செருப்பு எங்க நிக்கும்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா படத்தைப் பார்த்தபடியே பேசினார், அவளைப் பார்க்கவில்லை.

"வரப்புல கெடந்துச்சு பேச்சி, ஒன்னோட ஒத்தச் செருப்பு. நான்தான் எடுத்து மோட்டார் ரூம்ல வச்சேன். ரொம்ப நாளா அங்கனதான் கெடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல."

 அப்பாவின் சீரியல் செட் எரிந்து எரிந்து அணைந்தது. அம்மா போய் அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும். படத்தில் இருக்கிற பிள்ளை மாதிரியே என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை, தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

லூர்து டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்து, திரும்ப மாட்டினார். "விட்ட இடத்திலருந்து தொடங்குவோம்" என்றார். விட்ட இடம் அவருக்கும் ஞாபகமில்லை, யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் முதலிலிருந்து தொடங்கினார். தெருவே என்னால் அன்றைக்கு இரண்டு ஜெபமாலை சொன்னது. என் முழங்கால் வலிக்கு உண்மையான காரணம் அதுதான்.

மாமா கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடித்த பிறகு தனியாக ஒரு தடவை சொன்னார். சுண்டலை இரண்டு கை வாங்கினார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "ஏ தாயி, வளையலு நல்லாருக்கே, எந்தக் கடை?" என்றார். கையைப் பிடித்து எதையோ வைத்து மூடினார். காசு என்று நினைத்துத் திறந்தேன். சுருட்டிய டேப். சம்பங்கி வாசம் அடித்தது.

பிறகு பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சல்லடைக்கு அந்தப் பக்கத்தில் சாமியாரிடமிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. பிறகு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். புதுச் செருப்பைப் பொறுத்தவரை மாதா பேரத்தை ஏற்கவில்லை. அம்மா இன்னொரு ஊக்கு குத்தித் தந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முறைக்கு மாமா தவறியதில்லை. மாலையை அவரே கட்டுவார், அளவெடுத்து, கீழ்முனை செருப்புக்கு மேலேயே நின்றுவிடுகிற மாதிரி. கனமான மாலை போட்டால் அழகாக இருக்குமே என்று யாராவது கேட்டால், "கால் மறையக் கூடாதுங்க" என்பார்.

வளர்ந்து, அந்த ஓவியத்தைப் பற்றிப் படித்து, கண்ணாடி போட்டுப் பார்க்கிற வயதும் வந்தபிறகு என் வியப்பு கூடிக்கொண்டேதான் போகிறது. பெயர் தெரியாத அந்த ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரர்! தங்கப் பின்னணியில் ஒரு மரம் இல்லை, சுவர் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை. பயந்த பிள்ளைக்கு ஓட ஒரே ஒரு இடம்தான் வைத்திருக்கிறார். ஓடியதை வரையவில்லை; ஓடி முடித்ததை வரைந்து, ஓட்டத்தை ஒரு செருப்பில் தொங்கவிட்டிருக்கிறார். பிள்ளை சிலுவைப் பக்கம் பார்க்க, தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அவள் வலது கை. பிள்ளை அதை இறுகப் பிடித்திருக்கிறது. அவள் திருப்பிப் பிடிக்கவில்லை. விரித்தே வைத்திருக்கிறாள். இழுத்து வைக்கவும் இல்லை, உதறவும் இல்லை. வருகிறவர் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கை. என் மாமாவுக்கு அந்தக் கை வாய்க்கப் பதினோரு வருஷமும் ஒரு டேப் துண்டும் ஆனது.

போன அக்டோபரில் அம்மா வீட்டுக்கு முறை வந்தது. முறையெல்லாம் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில். லூர்து டீச்சரும் இல்லை, மாமாவும் இல்லை. சாணார்பட்டித் தோட்டத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். சம்பங்கி மாலையை நான்தான் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போனேன். பழைய படம் ஈரத்தில் அரித்துப்போய்விட்டதாம், புதிது அடித்திருக்கிறார்கள். பளபளவென்று, சுற்றிலும் குட்டிக் குட்டி எல்ஈடி. நான் மாலையைப் போடப் போனபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

"செருப்பு எங்கடி?"

பார்த்தேன். இல்லை. பிள்ளையின் முழங்காலோடு படம் முடிந்துவிட்டது. பிரேம் கடைக்குப் போன் போட்டேன். "பல்பு பார்டருக்குள்ள அடங்கலைங்க மேடம், கீழ மட்டும் கொஞ்சம் வெட்டுனோம். முகம் ஃபுல்லா வந்திருக்குல்ல?" என்றான் பையன். அவனைக் குறை சொல்லி என்ன செய்வது. நான் அந்தச் செருப்பை மறைத்தவள்தானே, அவன் ஒரேயடியாக வெட்டியிருக்கிறான்.

"எல்லாம் வந்திருக்கு," என்றாள் அம்மா. "ஓடியாந்தது மட்டும் வரல."

எழுபது வயதிலும் அப்பா டேப் உருளை இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். பையைத் திறந்தேன். பிளேடால் நூல் மாதிரி ஒரு வார் வெட்டினேன். சுண்டுவிரல் நகத்தளவில் செருப்புக்கு ஒரு அடிப்பாகம் வெட்டினேன். பிள்ளையின் முழங்காலுக்கு நேர் கீழே, படத்துக்கு வெளியே, பிரேமின் விளிம்பில், கழன்றும் கழலாமலும் தொங்குகிற மாதிரி ஒட்டினேன். மாலையை அதற்கு மேலே நிற்கிற மாதிரிச் சுருக்கிக் கட்டினேன்.

அம்மா எழுந்து வந்து, மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்து பார்த்தாள்.

"விழுந்துருமாடி?"

"விழாதும்மா. தொங்கும்."

மறுநாள் படம் அடுத்த வீட்டுக்குப் போனது. அதற்கடுத்த வீட்டுக்கும். குரூப்பில் தினமும் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் அது அங்கேயேதான் தொங்கியது. யாரும் கவனிக்கவும் இல்லை, ஒருவராவது "புதுமை" என்று கத்தவும் இல்லை.